முதலில் செல் எண்ணைப் பூட்டுங்கள்: தென்னாப்பிரிக்கத் தமிழ் வீடுகளுக்கு ஒரு செய்முறை

ஃபோனுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று தோன்றியதும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். ஆன்ட்டிவைரஸ் ஒன்று, விபிஎன் ஒன்று, 'க்ளீனர்' ஒன்று என்று இறக்கி, மாதாமாதம் சந்தா கட்டுவார்கள். அந்தப் பணத்துக்கு ஏர்டைம் போட்டுக்கொள்ளலாம். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் லெனேசியாவிலும் சாதாரணக் குடும்பங்கள் பணம் இழப்பது பெரும்பாலும் வைரஸால் அல்ல, செல் எண் கைமாறுவதால். வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்கு வருகிறது. வாட்ஸாப் கணக்கு அந்த எண்தான். ஜிமெயில் கடவுச்சொல் மறந்தால் மீட்பதும் அதே எண்ணால். 2023இல் வந்த பேஷாப் என்ற வங்கிப் பணப்பரிமாற்ற முறையில் செல் எண்ணை வைத்தே பணம் அனுப்பலாம். ஆகவே வேலையை எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஐடி எண்ணை ரகசியமாக வைத்துக் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள். அந்த 13 இலக்கங்களில் முதல் ஆறு உங்கள் பிறந்த தேதி. அடுத்த நான்கு ஆணா பெண்ணா என்று சொல்லும்: 5000க்குக் கீழே இருந்தால் பெண், 5000 முதல் மேலே ஆண். பதினொன்றாவது இலக்கம் குடியுரிமை, கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. 1980களின் பாதி வரை இனத்தைக் காட்டும் இலக்கமும் இதற்குள்ளேயே இருந்தது. நம் தாத்தா, ஆயாமாருக்கு அது நன்றாக நினைவிருக்கும். அதாவது உங்கள் பிறந்தநாள் வாழ்த்தை ஃபேஸ்புக்கில் பார்த்தவனுக்கு எண்ணின் பாதி தெரியும். மீதியும் வெளியே போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்டில் எக்ஸ்பீரியன் என்ற கடன் தகவல் நிறுவனம், வாடிக்கையாளர் போல நடித்த ஒரு மோசடிக்காரனிடம் சுமார் 2.4 கோடி தென்னாப்பிரிக்கர்களின் விவரங்களைக் கொடுத்துவிட்டதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் அதே தொழில் செய்யும் டிரான்ஸ்யூனியனின் கணினிக்குள் ஆள் புகுந்தான். எனவே ஐடி எண்ணைச் சரியாகச் சொல்கிறான் என்பதற்காக, கூப்பிடுகிறவன் வங்கிக்காரன் ஆகிவிட மாட்டான்.

சிம்முக்கு ஒரு பின்

ராபாட்டில், அதாவது டிராஃபிக் விளக்கில், கார் நிற்கும்போது கண்ணாடி வழியாக ஃபோனைப் பறித்துக்கொண்டு போகிறவன், திரைப் பூட்டை உடைக்க மெனக்கெடுவதில்லை. சிம்மை உருவி இன்னொரு ஃபோனில் போட்டால் ஓடிபி எல்லாம் அவனுக்கே வரும். சிம் பின் இருந்தால் அந்த வழி அடைபடும்.

சாம்சங் ஃபோனில் செட்டிங்ஸ் போய், செக்யூரிட்டி அண்ட் பிரைவசி, அதற்குள் மோர் செக்யூரிட்டி செட்டிங்ஸ், அதில் 'செட் அப் சிம் கார்டு லாக்'. மாடலுக்கு மாடல் இடம் சற்று மாறும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'சிம் லாக்' என்று அடித்தால் வந்துவிடும். ஐஃபோனில் செல்லுலார் அல்லது மொபைல் டேட்டா என்ற பகுதிக்குள் 'சிம் பின்'. பூட்டை இயக்கும்போது ஃபோன் பழைய பின்னைக் கேட்கும். நீங்கள் எதையும் வைத்திருக்காவிட்டாலும் சிம்முக்கு நிறுவனம் ஒரு பின் வைத்திருக்கும். அது சிம் ஒட்டி வந்த பிளாஸ்டிக் அட்டையில் இருக்கும். அட்டை தொலைந்திருந்தால் வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள். ஊகித்து அடிக்கவே வேண்டாம். மூன்று முறை தவறினால் சிம்மைத் திறக்கும் பியுகே எண்ணைக் கேட்கும். பியுகேயைப் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் செத்துவிடும். பிறகு ஐடியையும் முகவரிச் சான்றையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், சிம் பதிவுக்கான ரிக்கா சட்டப்படி எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.

பூட்டை இயக்கிய பின் 'சேஞ்ச் பின்' போய் சொந்த எண்ணை வையுங்கள். திரைப் பூட்டின் எண்ணையே இதற்கும் வைக்காதீர்கள். பிறகு ஃபோனை அணைத்துப் போடுங்கள். பின் கேட்டால்தான் வேலை முடிந்தது. இரண்டு சிம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

இதில் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மின்வெட்டில் சார்ஜ் தீர்ந்து ஃபோன் அணைந்தால், மறுபடி போடும்போது பின் தெரியாமல் ஆயா திணறுவார். வந்த அழைப்பு எதுவும் மணியடிக்காது. ஆகவே அந்த நான்கு இலக்கத்தை எழுதி வீட்டுக்குள் ஓர் இடத்தில் வையுங்கள்; ஃபோன் உறைக்குள் மட்டும் வேண்டாம். அவசர எண் 112 பின் இல்லாமலும் போகும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

சிம் பின் தடுக்காத ஒன்றும் இருக்கிறது, அதுதான் சிம் ஸ்வாப். யாரோ உங்கள் பெயரில் புது சிம் வாங்கிவிட்டால் உங்கள் சிம் தானாகவே இறந்துவிடும். முதல் அறிகுறி: சுற்றிலும் எல்லாருக்கும் சிக்னல் இருக்க, உங்கள் ஃபோனில் மட்டும் 'நோ சர்வீஸ்'. அதற்கு முன்பே 'சிம் மாற்றக் கோரியுள்ளீர்கள்' என்றோ 'எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கோரியுள்ளீர்கள்' என்றோ எஸ்எம்எஸ் வந்திருக்கலாம். அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால் போச்சு. எஸ்எம்எஸ்ஸில் உள்ள இணைப்பைத் தொடாமல், நிறுவனத்தின் எண்ணுக்கு நேராக அழைத்து மறுக்க வேண்டும். சிக்னல் ஏற்கெனவே போயிருந்தால் வேறொருவர் ஃபோனிலிருந்து முதலில் வங்கியின் மோசடிப் பிரிவு, அடுத்தது செல் நிறுவனம். இந்த வரிசை மாறக்கூடாது. எண்ணை ஒரு மணி நேரம் கழித்துக்கூட மீட்கலாம், போன பணத்தை மீட்பது வேறு கதை. வங்கியின் எண் அட்டையின் பின்புறம் இருக்கும். அதை இன்னொரு காகிதத்திலும் எழுதி வையுங்கள், ஏனென்றால் பர்ஸும் ஃபோனும் ஒன்றாகவே பறிபோகும்.

வங்கியில் இன்றே செய்ய வேண்டியவை: ஓடிபியை எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக ஆப்புக்குள்ளேயே ஒப்புதல் தரும்படி மாற்றுங்கள். அடுத்து, தினசரி வரம்புகளைத் திறந்து பாருங்கள். இஎஃப்டி (கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்புவது), உடனடிப் பணம், பேஷாப், கார்டில்லாப் பணம் என ஒவ்வொன்றுக்கும் வரம்பு தனித்தனி. நீங்கள் தொட்டிராத வரம்பு உங்கள் தேவையைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்பு அதிகம். மாதத்தில் ஒரு நாள் வாடகை அனுப்பத்தான் அது தேவை என்றால், அன்றைக்கு மட்டும் கூட்டிக்கொள்ளலாம். வங்கியிலிருந்து என்று அழைப்பு வந்து, 'பணம் போவதை நிறுத்த ஆப்பில் அப்ரூவ் அழுத்துங்கள்' என்றால், அந்த அப்ரூவ்தான் பணம் போகும் வழி. நீங்கள் தொடங்காத எதற்கும் ஒப்புதல் தராதீர்கள். வைத்துவிட்டு அட்டையில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். வந்த அழைப்பு உண்மையா என்று ஆப்பிலேயே சரிபார்க்கும் வசதியைச் சில வங்கிகள் தருகின்றன; அது எங்கே இருக்கிறது என்று அமைதியான ஒரு நாளில் பார்த்து வைத்துக்கொண்டால் பதற்றத்தில் தேட வேண்டியதில்லை.

வாட்ஸாப்

நம் வீடுகளில் இன்டர்நெட் என்றாலே பெரும்பாலும் வாட்ஸாப்தான். கோயில் குழு, குடும்பக் குழு, தெருக் காவல் குழு, காவடிக் குழு. ஒரு கணக்கு கைமாறினால் எல்லாக் குழுவுக்கும் 'அவசரமாக 2,000 ரேண்ட் வேண்டும், மாலையில் தருகிறேன்' என்று செய்தி போகும். அனுப்பியவர் மாமா என்று நம்பி யாராவது போட்டுவிடுவார்கள்.

தடுக்கும் வழி இரண்டு நிமிட வேலை. செட்டிங்ஸ், அக்கவுன்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். ஆறு இலக்க பின் ஒன்றை வையுங்கள். மின்னஞ்சலும் கேட்கும்; அதைத் தாண்டிப் போகாதீர்கள். பின் மறந்து, மின்னஞ்சலும் கொடுக்காமல் விட்டிருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அதே ஏழு நாள்தான் உங்களுக்குப் பாதுகாப்பும்: எண்ணைத் திருடியவன் கையில் எஸ்எம்எஸ் குறியீடு இருந்தாலும் பின் இல்லாமல் உள்ளே போக முடியாது. அதற்குள் எண்ணை மீட்டுவிடலாம்.

பின் வைக்காமலே கணக்கு போய்விட்டதா? உங்கள் ஃபோனில் மறுபடி எண்ணைப் பதிவு செய்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கத்தைப் போடுங்கள். திருடன் தன் பங்குக்கு ஒரு பின் வைத்திருந்தால் உங்களை அது கேட்கும், ஏழு நாள் உள்ளே போக முடியாது. ஆனால் எஸ்எம்எஸ் குறியீட்டைப் போட்ட அந்த நொடியே அவனும் வெளியே தள்ளப்பட்டிருப்பான். அது தெரியாமல் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் குறியீட்டை வாங்க அவர்கள் போடும் வேஷங்கள் பல. தெரிந்தவரின் கணக்கிலிருந்தே 'தவறுதலாக உங்களுக்கு ஒரு எண் அனுப்பிவிட்டேன், சொல்லுங்கள்' என்பது பழைய வேஷம். ஒரு நட்சத்திரக் குறியில் தொடங்கும் குறியீட்டை டயல் செய்யச் சொல்வது இன்னொன்று.  *21* என்று தொடங்கி நடுவில் வேறொருவரின் எண்ணும் கடைசியில் # குறியும் உள்ள குறியீட்டை அழுத்தினால், உங்கள் அழைப்புகள் எல்லாம் அந்த எண்ணுக்குத் திரும்பும். வாட்ஸாப் குறியீட்டைக் குரல் அழைப்பாகக் கேட்டு அவன் எடுத்துக்கொள்வான். சந்தேகம் இருந்தால் *#21# டயல் செய்து பாருங்கள். ஏதாவது எண் காட்டினால் ##002# அடித்தால் எல்லாத் திருப்பல்களும் நீங்கும். கூடவே வாய்ஸ்மெயில் திருப்பலும் நீங்கிவிடும். வாய்ஸ்மெயில் வேண்டுமென்றால் நிறுவனத்திடம் சொல்லி மறுபடி போட வேண்டும். வேண்டாதவர்களுக்கு நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் நீங்கள் தூங்கும் நேரத்தில் ஃபோன் அணைந்திருந்தால், அந்தக் குரல் குறியீடு வாய்ஸ்மெயிலில் போய்ப் பதிவாகும். வாய்ஸ்மெயிலின் கடவு எண் நிறுவனம் வைத்த பொது எண்ணாகவே இருந்தால் யாரும் வெளியிலிருந்து கேட்டுவிடலாம். வைத்துக்கொள்வதானால் அந்த எண்ணை மாற்றுங்கள்.

அடுத்து 'லிங்க்ட் டிவைசஸ்' திறந்து பாருங்கள். எப்போதோ இன்டர்நெட் கஃபேயிலோ அலுவலகத்திலோ கணினியில் திறந்தது இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கலாம். தெரியாததை லாக் அவுட் செய்யுங்கள். பிரைவசியில் குரூப்ஸ் என்பதை 'மை கான்டாக்ட்ஸ்' ஆக்கினால் முன்பின் தெரியாதவர் உங்களை முதலீட்டுக் குழுவில் சேர்க்க முடியாது. முகப்புப் படத்தையும் அப்படியே. காரணம், உங்கள் படத்தை எடுத்து இன்னொரு எண்ணில் வைத்து 'எண் மாறிவிட்டது' என்று உங்கள் உறவினருக்குச் செய்தி அனுப்புவது மிக எளிது. அதற்குக் கணக்கைத் திருடவே வேண்டாம்.

பேக்கப் பற்றி ஒரு வார்த்தை. சாட்ஸ், சாட் பேக்கப், எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப். இதை இயக்காவிட்டால், ஃபோன்களுக்கு இடையே பூட்டப்பட்டுப் போகும் செய்திகள் கூகுள் கணக்கில் வாட்ஸாப்பின் அந்தப் பூட்டு இல்லாமல் கிடக்கும். இயக்கி, கடவுச்சொல்லை மறந்தால் மீட்க வாட்ஸாப்பாலும் முடியாது. எழுதி வைக்கத் தயாராக இருப்பவர்கள் மட்டும் இயக்குங்கள்.

இந்தியாவுக்குப் போய் நான்கைந்து மாதம் தங்குகிறவர்கள் கவனிக்க: ப்ரீபெய்ட் எண்ணைப் பயன்படுத்தாமல் சில மாதம் விட்டால் நிறுவனம் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். உங்கள் வங்கி ஓடிபி அவருக்குப் போகும், அவர்மேல் தப்பும் இல்லை. கிளம்பும் முன் ஒன்று, எண்ணை உயிரோடு வைக்க வீட்டில் ஒருவர் அவ்வப்போது ஏர்டைம் போட்டு ஓர் அழைப்பு செய்யட்டும். அல்லது வங்கி, ஜிமெயில் எல்லாவற்றிலும் எண்ணை மாற்றிவிட்டுப் போங்கள். வாட்ஸாப்பில் அதற்கு 'சேஞ்ச் நம்பர்' இருக்கிறது.

தாயாரின் கன்னிப் பெயர்

பாதுகாப்புக் கேள்வி என்ற பெயரில் 'மதர்ஸ் மெய்டன் நேம்' கேட்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்களிடம் இதைவிட மோசமான பூட்டு கிடையாது. நாயுடு, பிள்ளை, கவுண்டர், முதலி, செட்டி, ரெட்டி, நாயக்கர், படையாட்சி என்று இங்கே நாய்டூ, பில்லே, கவெண்டர், மூட்லி என எழுதும் பெயர்களை எண்ணிக்கொண்டு வந்தால், இரண்டு கை விரலுக்குள் தமிழ், தெலுங்குக் குடும்பங்களில் பாதி அடங்கிவிடும். மோசடிக்காரன் ஐந்து முறை முயன்றால் போதும்.

அந்த ஐந்து முறைகூட வேண்டாம். 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்த நாள் தொட்டு, வந்த ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஓர் எண் இட்டார்கள். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்காகவோ வேரைத் தேடும் ஆசையிலோ அந்தக் கப்பல் பதிவைத் தேடி எடுத்தவர்கள், சந்தோஷத்தில் முழுக் குடும்ப மரத்தையும் ஃபேஸ்புக்கில் போட்டுவிடுகிறார்கள். கொள்ளுத்தாத்தாவின் எண், ஊர், கப்பல் பெயர் எல்லாம் போடுங்கள். இறந்து நூறாண்டு ஆனவர்களை யாரும் ஏமாற்ற முடியாது. உயிரோடு இருப்பவர்களின் கிளைகளை மட்டும் வெட்டிவிட்டுப் போடுங்கள். குறிப்பாக அம்மா பிறந்த வீட்டுப் பெயரும் உங்கள் முழுப் பிறந்த தேதியும் ஒரே படத்தில் இருக்க வேண்டாம்.

கேள்விக்குப் பதிலாக உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. மின்னஞ்சல், கடைக் கணக்குகளுக்குப் பொய்ப் பதில் கொடுங்கள்: அம்மாவின் பெயர் 'பித்தளை உருளி' என்று இருந்துவிட்டுப் போகட்டும். கொடுத்ததை எழுதி வைத்தால் சரி. வங்கியில் மட்டும், அவர்கள் பதிவில் உள்ள உண்மையை மாற்றாமல், கேள்விக்குப் பதிலாக ஆப் வழியாகவே அடையாளம் சரிபார்க்கும்படி கேளுங்கள்.

கடவுச்சொல்லுக்கும் இதே பேச்சு. முருகன் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்ப்பது பக்திதான், பூட்டு அல்ல. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் உங்கள் வழக்கப்படி எழுதுங்கள். உலக்கை, தபால், மிளகு, படகு என்பது போல. இங்கே அச்சான நான்கையே எடுத்துக்கொள்ளாதீர்கள். நினைவில் நிற்கும், ஆங்கில அகராதியை வைத்து முயலும் மென்பொருளுக்குச் சுலபத்தில் சிக்காது.

ஜிமெயிலுக்கு இதோடு டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனும் வேண்டும், ஆனால் எஸ்எம்எஸ் வழியாக அல்ல. பாஸ்கீ (கைரேகை, முகம் போன்ற ஃபோன் பூட்டாலேயே உள்ளே போகும் வழி) அல்லது குறியீட்டை ஃபோனிலேயே உருவாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப் போடுங்கள். அங்கேயே 'பேக்கப் கோட்ஸ்' என்று எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் கிடைக்கும். அச்சிட்டு ஐடி புத்தகத்தோடு வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும்.

ஐடி நகலும் கேட்டில் ஸ்கேனும்

வாடகை வீடு, கடை அக்கவுன்ட், வேலை விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் ஐடி நகல் கேட்கிறார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் வெறும் நகலாகக் கொடுக்காதீர்கள். படத்தை ஃபோனின் எடிட்டில் திறந்து, 'இன்ன இடத்தின் வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதுங்கள். எழுத்து முகத்தின் ஓரத்தையும் எண்ணின் ஒரு பகுதியையும் தொட்டுக் குறுக்கே போக வேண்டும்; ஓரத்தில் எழுதினால் வெட்டி எடுத்துவிடுவார்கள். ஏதாவது மறைக்க வேண்டுமென்றால் ஹைலைட்டர் பேனாவால் கறுப்புத் தீட்டாதீர்கள். அது அரைகுறையாக ஒளி புகும். வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ளது தெரிந்துவிடும். முழுக் கறுப்புப் பெட்டியை வைத்து மூடி, பிறகு அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புங்கள். வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரம் நீங்கிவிடும்; 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் வீட்டின் இருப்பிடம் கூடவே போகலாம். கேமரா செட்டிங்ஸில் லொகேஷன் டேகை அணைத்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

பூம் கேட் உள்ள குடியிருப்புக்கு உறவினரைப் பார்க்கப் போனால், காவலாளி டிரைவிங் லைசென்ஸை வாங்கிக் கருவியில் ஸ்கேன் செய்வார். அட்டையின் பின்புறப் பட்டைக்குறியீட்டில் பெயர், ஐடி எண், பிறந்த தேதி எல்லாம் அடங்கும். ஒரு சாயங்காலம் தேநீர் குடித்துவிட்டு வர இவ்வளவு விவரம் தேவையா என்பது நியாயமான கேள்வி. தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டமும் தேவைக்கு மிஞ்சிச் சேகரிக்கக்கூடாது என்றே சொல்கிறது. ஆனால் கேட்டில் நிற்கும் காவலாளியிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவர் சொன்னதைச் செய்கிறவர். உறவினரை முன்கூட்டியே உங்கள் பெயருக்கு நுழைவுக் குறியீடு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் அந்த வசதி உண்டு. இல்லாவிட்டால், 'பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்கேன் வேண்டாம். பதிவேட்டில் பெயரும் வண்டி எண்ணும் எழுதுகிறேன்' என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் குடியிருப்பிலேயே வசிப்பவர்கள், தகவல் எத்தனை நாள் வைக்கப்படுகிறது, யார் அழிக்கிறார்கள் என்று நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கேட்கலாம். அதுதான் உண்மையில் எதையாவது மாற்றும்.

மரண அறிவிப்புகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். வீட்டு முகவரி, எத்தனை மணிக்கு உடல் எடுக்கப்படும், தொடர்புக்கு மூன்று செல் எண் என்று எல்லாம் போட்ட படம் ஊரெல்லாம் பரவுகிறது. வீடு எந்த நேரம் காலியாக இருக்கும் என்பதை அது எல்லாருக்கும் சொல்லிவிடுகிறது. தகன இடமும் நேரமும் ஒரே ஒரு எண்ணும் போதும். வீட்டு முகவரி தேவைப்படுகிறவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

மார்க்கெட்டிங் அழைப்புகள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாளிலும் விற்பனை அழைப்பு கூடாது. சனிக்கிழமை காலை 9 மணிக்கு முன்னும் மதியம் 1 மணிக்குப் பின்னும் கூடாது. மற்ற நாட்களில் இரவு 8 முதல் காலை 8 வரை கூடாது. 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் உள்ள போப்பியாவின் 69ஆவது பிரிவு, நீங்கள் வாடிக்கையாளர் அல்லாத நிறுவனம் மின்னணு வழியில் விளம்பரம் அனுப்ப உங்கள் சம்மதம் வேண்டும் என்கிறது. சம்மதம் கேட்க அவர்களுக்கு ஒரு முறைதான் வாய்ப்பு.

அழைப்பு வந்தால் கத்தாதீர்கள், மூன்று விஷயம் கேளுங்கள்: நிறுவனத்தின் முழுப் பெயர், என் எண் எங்கிருந்து கிடைத்தது, தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பான உங்கள் இன்ஃபர்மேஷன் ஆஃபிசரின் மின்னஞ்சல். பாதிப் பேர் இரண்டாவது கேள்வியிலேயே வைத்துவிடுவார்கள், அதுவும் லாபம்தான். பதில் சொன்னவர்களுக்கு அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அதில் அழைப்பு வந்த தேதி, நேரம், எண். போப்பியாவின் 11ஆவது பிரிவின்படி நேரடி விற்பனைக்கு ஆட்சேபம். என் விவரத்தை எங்கிருந்து பெற்றீர்கள், பட்டியலிலிருந்து எப்போது நீக்குவீர்கள் என்ற கேள்வி. இவ்வளவு போதும், பத்து வரிக்கு மேல் வேண்டாம். 'உறுதி செய்ய ஐடி நகல் அனுப்புங்கள்' என்று பதில் வந்தால், செல் எண்ணை நீக்க ஐடி தேவையில்லை என்று மறுத்துவிடுங்கள்.

மறுபடி அழைத்தால் ஐந்தாம் எண் படிவத்தில், போப்பியாவை அமல்படுத்தும் இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டரிடம் புகார். அழைப்புப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டும் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலும் இல்லாமல் புகார் நிற்காது. ரெகுலேட்டருக்கு 1 கோடி ரேண்ட் வரை அபராதம் போட அதிகாரம் உண்டு. 2023இல் நீதித்துறை அமைச்சகத்துக்கே 50 லட்சம் ரேண்ட் போட்டார்கள். ஒரே ஓர் அழைப்புக்காக நாளையே நடவடிக்கை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மின்னஞ்சல் போட்டதோடு பெரும்பாலான ஒழுங்கான நிறுவனங்கள் நின்றுவிடும். ஒழுங்கில்லாதவர்களுக்கு ஃபோனின் 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்'தான் மருந்து. மருத்துவமனை, பள்ளிக்கூட எண்களை முதலில் சேமித்துவிட்டு அதை இயக்குங்கள், இல்லாவிட்டால் அவர்கள் கூப்பிட்டதும் தெரியாமல் போகும்.

ஏர்டைம் தானாகக் கரைகிறதா? விளையாட்டு, ஜாதகம், ரிங்டோன் என்று ஏதோ ஒரு சந்தா ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குறு எண்ணுக்கு 'ஸ்டாப்' என்று ஆங்கிலத்தில் அனுப்புங்கள். பிறகு செல் நிறுவனத்திடம் 'கன்டென்ட் சர்வீஸ்' எல்லாவற்றையும் அந்த எண்ணில் தடை செய்யச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் குழந்தை கையில் ஃபோன் போனதும் இன்னொன்று ஒட்டும். மசியாதவர்களைப் பற்றி, இத்தகைய செல் சேவை நிறுவனங்களின் சங்கமான வாஸ்பா அமைப்பில் புகார் செய்யலாம்.

புரட்டாசிக்கு வீடு கழுவும்போது

ஆண்டுக்கு ஒரு முறை கிரெடிட் ரிப்போர்ட்டை இலவசமாகப் பெற தேசியக் கடன் சட்டம் உரிமை தருகிறது. நாளை நினைவில் வைக்கச் சுலபமான வழி, புரட்டாசிக்கு முன் வீடு கழுவும் வாரத்தோடு சேர்த்துவிடுவது. டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்டிஎஸ் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் ஒன்றில் உள்ளது இன்னொன்றில் இருக்காது. மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 'என்கொயரீஸ்' பகுதிக்குப் போங்கள். நீங்கள் காலே வைக்காத துணிக்கடையும் செல் கடையும் உங்கள் பெயரை விசாரித்திருந்தால், யாரோ உங்கள் ஐடியில் கடன் முயல்கிறார்கள். உடனே ரிப்போர்ட் தந்த நிறுவனத்திடம் ஆட்சேபம் எழுதுங்கள். கூடவே எஸ்ஏஎஃப்பிஎஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பில் 'புரொடெக்டிவ் ரெஜிஸ்ட்ரேஷன்' செய்யுங்கள். அது இலவசம். உங்கள் பெயரில் கடன் கேட்டால் கூடுதலாகச் சரிபார்க்கும்படி உறுப்பு வங்கிகளுக்கும் கடைகளுக்கும் எச்சரிக்கை போகும். உங்களுக்கே கடன் தேவைப்படும்போது கொஞ்சம் தாமதமாகும் என்பதுதான் விலை.

ஃபோன் பறிபோனால்

முன்னேற்பாடாக *#06# அடித்து, ஃபோனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணை எழுதி வையுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் செட்டிங்ஸுக்குள் 'தெஃப்ட் புரொடெக்ஷன்' போய் எல்லாவற்றையும், குறிப்பாக 'ரிமோட் லாக்'கை, இயக்குங்கள். ஐஃபோனில் ஃபேஸ் ஐடி பகுதியில் 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்ஷன்'.

பறிபோன பிறகு முதல் அழைப்பு வங்கிக்கு. இரண்டாவது, பூட்டு: ஆண்ட்ராய்டின் ரிமோட் லாக் பக்கத்தில் உங்கள் செல் எண்ணை மட்டும் போட்டால் போதும், கடவுச்சொல் வேண்டாம். ஐஃபோனுக்கு ஐகிளவுட்டின் ஃபைண்ட் பக்கம். சிம்மை முடக்கச் சொல்வது இதற்கு அடுத்ததுதான். முதலிலேயே சிம்மை முடக்கிவிட்டால் ஃபோனின் டேட்டா அறுந்து, நீங்கள் அனுப்பும் பூட்டு ஆணை அதைச் சென்றடையாது. பூட்டு போட ஒரு நிமிடம்தான், போட்டதும் செல் நிறுவனத்தைக் கூப்பிட்டு சிம்மையும் ஐஎம்இஐயையும் முடக்கச் சொல்லி, அதற்கான குறிப்பு எண்ணை வாங்குங்கள். போலீஸ் வழக்கு எண்ணோடு அதையும் காப்பீட்டு நிறுவனம் கேட்கும்.

ஐஃபோன் என்றால் இன்னொன்றும் நடக்கும். சில நாளில் 'உங்கள் ஃபோன் கண்டுபிடிக்கப்பட்டது, இங்கே பாருங்கள்' என்று எஸ்எம்எஸ் வரும். ஆப்பிள் அனுப்பியது போலவே இருக்கும், வரைபடமும் இருக்கும். அனுப்புகிறவன் ஃபோனை வைத்திருப்பவன்தான். உங்கள் கடவுச்சொல் கிடைக்காமல் அவனால் அதை விற்க முடியாது. இணைப்பைத் தொடாதீர்கள். ஃபோன் போய்விட்டதே என்று கணக்கிலிருந்து அந்தக் கருவியை நீக்கவும் செய்யாதீர்கள். நீக்கினால் பூட்டு தானாகத் திறந்து, புது ஃபோன் போல அவன் கையில் கிடைத்துவிடும்.